அலமாரியில் மூன்று வாரம்

4 மார்ச், செவ்வாய்

ஏவின்ட் தான் தயாரித்த புது ஹெட்போனை, பத்திரிகையில் நான் விமர்சனம் எழுத, இன்று தானே கொண்டுவந்து கொடுத்தான். மரப்பெட்டி, அதற்குள் வெல்வெட், வெல்வெட்டுக்குள் தோல் உறை. நான் போட்ட கல்யாண மோதிரம் கூட இவ்வளவு சீராக வரவில்லை என்று கிர்ஸ்தென் சொல்லிக் காட்டினாள். இவன் சொல்லும் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கி, அதிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்கலாம்.

சாயங்காலம் போட்டுக் கேட்டேன். இருபது வருஷமாகச் சோதனைக்கு எனக்கு ஒரே இசைத்தட்டுதான். அந்தப் பெண் என்ன பாடுகிறாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டாவது வரிக்கு முன்னால் அவள் எச்சில் விழுங்குவாள், பின்னால் யாரோ ஒருவரின் நாற்காலி முனகும். அதைத்தான் நாங்கள் கேட்போம். இன்று எச்சிலும் இல்லை, நாற்காலியும் இல்லை. போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பாடுகிறாள்.

நடுவில் கிர்ஸ்தெனோடு சண்டை வேறு. கூடத்தில் இருக்கும் ஒலிபெருக்கிகளை "ரெண்டு சவப்பெட்டி" என்றாள்.

5 மார்ச்

ஏவின்ட்டிடம் போனில் சொன்னேன். கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். எத்தனை மணி நேரம் ஓடவிட்டாய் என்று டாக்டர் மாதிரி கேட்டான். ஒரு சாயங்காலம் என்றேன்.

"பழக்காத ஹெட்போனைப் பத்தி நீயா பேசுறே, ஹென்னிங்? மூணு வாரம் ராவும் பகலும் ஓடணும். அப்புறம் சொல்லு."

வெட்கமாகப் போய்விட்டது. புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும், நடந்து நடந்துதான் காலுக்குப் பழகும். ஹெட்போனும் அப்படித்தான் என்று எங்கள் பத்திரிகையில் நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! வாசகர்களுக்குப் பாடம் எடுத்த நானே மறந்துவிட்டேனே.

7 மார்ச், வெள்ளி

பழக்குவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிட வேண்டும் என்று ஆக்ஸல் வந்தான். எங்கள் பத்திரிகையில் அளவைப் பக்கம் அவனுடையது. ரப்பர் காது வைத்த ஒரு பொம்மைத் தலைக்கு ஹெட்போனை மாட்டி, கோடு கோடாகப் படம் வரைவான். அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் அவனும் அவன் அம்மாவும்தான். பழக்கினால் ஒலி மாறும் என்பதை அவன் நம்புவதில்லை. "மாறுறது உன் காதுதான்" என்றான்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

8 மார்ச், சனி

விருந்தினர் அறை அலமாரியில் எல்லாவற்றையும் வைத்தாயிற்று. சின்ன ஆம்ப்ளிஃபையர், அதிலிருந்து ஹெட்போன். மழைபோல் ஒரே இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்களே என்று இறகுப் போர்வையால் சுற்றிக் கதவைச் சாத்தினேன். மூன்று வாரம் திறக்கக் கூடாது. நடுவில் திறந்து பார்ப்பது வேகிற கேக்கைத் திறந்து பார்ப்பது போல என்று ஏவின்ட் சொல்லியிருக்கிறான்.

பகலில் கிர்ஸ்தென் கோடை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அக்காவும் வருகிறாள், சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். நான் போகவில்லை. ஹெட்போனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

16 மார்ச், ஞாயிறு

அலமாரிக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். போர்வையையும் மீறி இரைச்சல் மெல்ல வந்தது. முதல் நாள் இருந்த கரகரப்பு போய், கொஞ்சம் வழவழவென்று இருக்கிறது. ஆக்ஸலின் பொம்மைத் தலைக்கு இதெல்லாம் கேட்குமா?

22 மார்ச்

இன்றும் கேட்டேன். இன்னும் வழவழப்பு. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு கம்பு ரொட்டி அலுத்துவிட்டது.

29 மார்ச், சனி

கிர்ஸ்தென் பகலில் வந்துவிட்டாள். கை நிறைய புகையூட்டிய மீன், தலைமயிரில் வெள்ளைப் பெயின்ட். சவப்பெட்டிகளைப் பார்த்து "சௌக்கியமா?" என்று விசாரித்தாள். இருவரும் சிரித்தோம்.

சாயங்காலம் அலமாரியைத் திறந்து, போர்வையைப் பிரித்து, ஹெட்போனை மட்டும் உருவிக்கொண்டு என் அறைக்கு ஓடினேன். இந்த வயசில் ஓட்டம் வேறு!

அம்மாடி. என்ன சொல்வது! போர்வை விலகிவிட்டது. எச்சில், நாற்காலி, எல்லாம் இருக்கிறது. பாடுகிறவளுக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி இருக்கிறது என்று சத்தியம் செய்வேன். பாட்டு முடிந்தபோது கண் கலங்கியிருந்தது.

14 ஏப்ரல்

ஆக்ஸல் மறுபடி அளந்துவிட்டான். மார்ச்சில் வரைந்த கோடும் இப்போது வரைந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்திருக்கின்றன. அதையே அவன் பக்கத்தில் போடப் போகிறானாம். என் கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்தில்! போடட்டும், யார் செவிடு என்று ஊர் பார்க்கட்டும்.

2 மே, வெள்ளி

பத்திரிகை வந்தது. என் கட்டுரை நாலு பக்கம். "மூன்று வாரம் இரவும் பகலும் ஓடிய பின் பனி விலகி ஊர் தெரிந்தது" என்ற வரியை ஆசிரியர் ப்ரெபென் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

காலை உணவின்போது கிர்ஸ்தென் படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, இது எந்த ஹெட்போன் என்று கேட்டாள். விருந்தினர் அறையில் இருந்தது என்றேன்.

"அலமாரியில இருந்ததா? அதை நான் கிளம்பும்போதே அணைச்சிட்டேனே. கட்டிலுக்குப் பின்னாடி இருக்கிற சுவிட்சு."

இந்த வீட்டில் முப்பது வருஷமாக அவள் வழக்கம் அது. வெளியூர் போவதென்றால், நான் வீட்டிலேயே இருந்தாலும், அறை அறையாகப் போய் சுவரில் இருக்கும் சுவிட்சுகளை எல்லாம் அணைப்பாள். தீப்பிடிக்கும் என்று பயம். திரும்பி வந்தபோதும் அணைந்தேதான் இருந்ததாம், மறுநாள் பெருக்கும் மெஷினுக்காக அவள்தான் போட்டாளாம்.

நல்லா ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தலையாட்டினாள்.

அப்போ நான் கதவுல காதை வெச்சுக் கேட்டது என்ன? ரெண்டு தடவை கேட்டேனே. வழவழன்னு இருந்துதுன்னு மேலே எழுதி வேற வெச்சிருக்கேனே!

3 மே

எனக்குக் கேட்டதே. பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு வலிக்காது.

11 மே, ஞாயிறு

வாசகர் கடிதங்கள் குவிகின்றனவாம். எல்லாம் ஆக்ஸலைத் திட்டித்தான். அவன் கருவிகள் செவிடு, அவனும் செவிடு. ப்ரெபென் போன் செய்தார். பதினேழாம் தேதி, கருவிகளுக்குப் பரிசு தருகிற எங்கள் நடுவர் குழு கூடும்போது அளவைப் பக்கத்தை நிறுத்திவிடப் போகிறார்கள். ஆக்ஸலுக்கு வேலை போகும். அன்றைக்கே குழுவுக்குப் புதுத் தலைவரும் தேர்வு, ப்ரெபென் என் பெயரைச் சொல்லப் போகிறார். எட்டு வருஷமாக நான் ஏங்கிய நாற்காலி.

மத்தியானம் ஆக்ஸல் வந்தான். வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"நிஜமாவே உனக்கு வித்தியாசம் கேட்டுதா, ஹென்னிங்?"

"கேட்டுது" என்றேன். உண்மைதானே?

அவன் போன பிறகு கிர்ஸ்தென் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "பதினேழாம் தேதி நீ சொல்லலேன்னா, மீன் வாங்கிட்டு நானே கூட்டத்துக்கு வந்து சொல்வேன்."

17 மே, சனி

கூட்டம் ப்ரெபென் வீட்டில். தயாரிப்பாளர்கள் நடுவர் கூட்டத்துக்கு வரக் கூடாது என்பது விதி, ஊறவைத்த மீன் கொண்டுவந்தால் வரலாம் என்பது வழக்கம். ஏவின்ட் இரண்டு ஜாடி கொண்டுவந்திருந்தான்.

ஆக்ஸல் விஷயம் முதலில் வந்தது. அவன் கடைசி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். ப்ரெபென் பேச ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, போர்வை, சுவிட்சு. கதவில் காதை வைத்ததைக்கூட விடவில்லை. அந்த ஹெட்போன் என் வீட்டில் ஒரு நிமிஷம் கூடப் பழக்கப்படவில்லை, ஆக்ஸல் வரைந்த கோடுதான் சரி, பைத்தியக்காரன் நான் என்றேன்.

ஏவின்ட் வாயில் இருந்த மீனை விழுங்கினான்.

"அப்போ அது ஓய்வு எடுத்திருக்கு" என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் இழுத்து, முறுக்கி, சூடுகாட்டிச் செய்த கம்பி அல்லவா, அலுத்துப்போயிருக்கும், மூன்று வாரம் இருட்டில், கதகதப்பில், சத்தமில்லாமல் கிடந்ததில் இறுக்கம் விட்டிருக்கும் என்று அவன் விளக்கினான். பேசப் பேச அவனே நம்பிவிட்டான், முகத்தில் தெரிந்தது. ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார்: பயணம் போய்வந்த பிறகு அவருடைய ஆம்ப்ளிஃபையர் எப்போதும் நன்றாகப் பாடுமாம். இன்னொருவர் இறகுப் போர்வை வாத்திறகா, அன்னப்பறவை இறகா என்று என்னிடம் கேட்டார். வாத்து என்றேன். சீரியஸாகத் தலையை ஆட்டினார்.

தப்பைத்தான் ஒப்புக்கொண்டேன், அது கண்டுபிடிப்பாகிவிட்டது.

"ஓய்வு எடுத்ததை ஒருத்தன் காதாலேயே கண்டுபிடிச்சிருக்கான்னா, அது ஹென்னிங் காதுதான்" என்று ப்ரெபென் கோப்பையைத் தூக்கினார். தலைவர் பதவிக்குக் கை தூக்கச் சொன்னபோது ஒரு கை கூடக் கீழே இல்லை. அளவைப் பக்கத்தை நிறுத்துவதும் அதே மூச்சில் முடிந்தது. ஓய்வை எந்தக் கருவி அளக்கும் என்பது அவர்கள் வாதம்.

ஆக்ஸல் சிரித்தான். கண்ணீர் வரும்வரை சிரித்தான். என் தோளைத் தட்டிவிட்டு, பொம்மைத் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான்.

நான் அந்த நாற்காலியை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல நாற்காலி, முனகவே முனகாது.

18 மே

கிர்ஸ்தெனிடம் நடந்ததைச் சொன்னேன். சுவிட்சை அணைத்தவள் என்ற முறையில் தனக்கும் ஒரு பதவி உண்டா என்று கேட்டாள்.

3 செப்டம்பர், புதன்

ஆக்ஸல் போன் செய்தான். காது கேளாதவர்களுக்குக் கருவி செய்கிற இடத்தில் வேலை கிடைத்து இரண்டு மாதமாகிறதாம். அங்கே கேட்கிறது என்றால் கேட்கிறது, கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை, நிம்மதியாக இருக்கிறது என்றான். எப்போது வேண்டுமானாலும் வா, உன் காதை இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்றான். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மத்தியானம் ஏவின்ட்டின் அடுத்த ஹெட்போன் வந்தது. இந்தத் தடவை மரப்பெட்டிக்குள் சின்னதாக ஒரு இறகுப் போர்வை. கூடவே தடித்த தாளில் அட்டை: "கேட்பதற்கு முன் மூன்று வாரம் இருட்டில் ஓய்வு கொடுக்கவும்." அடியில் என் பெயர், பதவியோடு.

அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள் எல்லாம்! ஹெட்போனைக் கையில் எடுத்து, தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொண்டுபோய் நிறுத்தினேன்.

போர்வையில் சுற்றி, விருந்தினர் அறை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சும்மாதான். வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? திரும்பினால் வாசலில் கிர்ஸ்தென். கட்டிலுக்குப் பின்னால் கையைவிட்டாள்.

"சுவிட்சை அணைச்சிடவா?"

அதில் எதுவும் செருகியிருக்கவில்லை.

அணைச்சிடு என்றேன்.