அம்மா ஓட்டிய மூன்று மாதம்

மர்பி டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரக்ஷிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். எதிர்வீட்டு மகா சனிக்கிழமை அங்கே கிளம்புகிறாள், அவள் கையில் பருப்புப்பொடியும் இந்தக் கடிதமும் வரும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

போன வாரம் நீ அழுதாயே, வேகமாக ஓட்டியதற்கு லைசென்ஸில் மூன்று அபராதப் பாயிண்ட் ஏற்றிவிட்டார்கள், டிரைவர் மகளாகப் பிறந்து இப்படி ஆகிவிட்டதே என்று. நான் அப்போது சட்டென்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை மகளே, வெட்கம். உன் அப்பாவின் லைசென்ஸையே மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள், உனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டோம்.

நடந்தது இதுதான். இரண்டு சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகு தாண்டியிருக்கிறேன், எல்லாரும் போகிறார்களே என்று நானும் போனதுதான். இன்னொரு நாள் ஓட்டிக்கொண்டே போன் பேசியிருக்கிறேன். அபராத மெசேஜ் எல்லாம் என் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை, கடைசியில் ஆர்டிஓ ஆபீசிலிருந்து தபாலில் நோட்டீஸ் வந்தது. போனேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ஒரு கீறல் கிடையாது என்று பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அதில் நான். கம்பத்து மேலிருந்து எடுத்த படம், கழுத்தில் போட்டிருந்த கர்ச்சீப்பின் கட்டம்கூடத் தெரிகிறது. காதில் போன், முகத்தில் ஒரு சிரிப்பு, வண்டிக்கு முன்னால் ஒரு அம்மாள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறாள், என் கண் அவள் பக்கமே இல்லை. அவ்வளவு பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பதே அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். இது நீங்கள்தானே என்று கன்னடத்தில் கேட்டார், “ஹௌது மேடம், நானே” என்றேன், அதற்கு மேல் மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. மூன்று மாதம் நிறுத்தம், நடுவில் ஓட்டிப் பிடிபட்டால் லைசென்ஸை அடியோடு மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

நம் குட்டி யானை வண்டி தினமும் இரண்டு நர்சிங் ஹோமிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு நீலசந்திராவில் இருக்கும் சலவைக் கூடத்துக்குப் போவது உனக்குத் தெரியும். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் வேறு வண்டி வைத்துவிடுவார்கள். உமேஷ், அவனும் டிரைவர்தானே, “லைசென்ஸ் இல்லன்னா என்னண்ணா, வண்டி நம்முது, எவன் புடிக்கப் போறான், ஓட்டு” என்றான். நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். காலை ஆறு மணிக்குச் சாவியைத் தேடினால் ஆணியில் இல்லை. வெளியே வந்து பார்த்தால் உன் அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருக்கிறாள். யசோதா, விளையாடாதே என்றேன். முந்தானையில் முடிந்திருந்த கார்டை எடுத்து நீட்டினாள். அவள் போட்டோ போட்ட லைசென்ஸ், வாங்கி ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

இந்திராநகரில் அவள் சமைக்கப் போகும் வீட்டு வித்யாலட்சுமி அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அவர்கள் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிப்போய்க் கார் சும்மா நின்றிருக்கிறது. அந்த அம்மாதான் இவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டிருக்கிறார். ஆறு வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் போக வர இவள்தான் ஓட்டுகிறாள், மழையிலும், அந்தக் கண்டோன்மென்ட் நெரிசலிலும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கவே இல்லையே” என்றாள், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தேன், இன்றைக்கு அங்கே என்ன சமைத்தாய் என்று தினமும் கேட்டிருக்கிறேன், வேறு எதுவும் கேட்டதில்லை. ஒருமுறை வாசலில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனதைப் பார்த்து, பொம்பளை ஓட்டுற வண்டின்னா பத்தடி தள்ளி நிக்கணும் என்று உமேஷிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தவள் இவள்தான். அந்த லைசென்ஸ் அன்றைக்கும் இவளிடம் இருந்திருக்கிறது.

அந்தக் கார்டில் நம் வண்டியை ஓட்டலாமா என்று ஆபீஸ் திறந்ததும் ஆர்டிஓவில் போய்க் கேட்டேன், சின்ன வண்டிதானே, தாராளமாக ஓட்டலாம் என்றார்கள். அன்றிலிருந்தே நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். ரக்ஷிதா, எப்படிச் சொல்வேன். மஞ்சள் விழுந்ததும் நிற்கிறாள். பின்னால் பத்து வண்டி ஹார்ன் அடிக்கிறது, எனக்கு வியர்க்கிறது, போ போ என்கிறேன். “அடிக்கட்டும், அவன் கைதானே வலிக்கும்” என்று சொல்லிவிட்டு ஜடையைச் சரி செய்துகொள்கிறாள். சலவைக் கூடத்துச் சந்து எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும், ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் மாவு மில் சுவர், நானே இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் ரிவர்ஸ் போவேன். இறங்கி வழி காட்டுகிறேன் என்று கதவைத் திறக்கப் போனேன், உட்காருங்கள் என்றாள். கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள், ஸ்டீயரிங்கை ஒடித்தாள், ஒரே இழுப்பில் வண்டி கேட்டுக்குள் நின்றது. துணி இறக்க வந்த வள்ளியம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள், நானும் அப்படித்தான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, அன்றைக்குத்தான் அவள் கையை முதல்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. மூன்று மாதமும் ஒரு நாள் லோடு தவறவில்லை, ஒரு நோட்டீஸ் வரவில்லை.

போன திங்கட்கிழமை என் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீங்கள் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா இடது பக்கம் ஏறினாள். முப்பத்தொரு வருஷம் ஓட்டினவன், கண்ணாடியை மூன்று தடவை சரி செய்துகொண்டுதான் வண்டியை எடுத்தேன். மஞ்சளில் நின்றேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. சந்தில் இரண்டாவது தடவையில் உள்ளே போய்விட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, “பரவாயில்ல” என்றாள். வாழ்க்கையில் எத்தனையோ பேர் நான் வண்டி ஓட்டுவதைப் புகழ்ந்திருக்கிறார்கள், அந்த ஒரு சொல்லுக்குச் சந்தோஷப்பட்ட மாதிரி எதற்கும் பட்டதில்லை. இப்போது ஆளுக்கு ஒரு ட்ரிப்.

அதனால் அந்த மூன்று பாயிண்டுக்காக அழாதே. நிதானமாக ஓட்டு, நைட் டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் வண்டியைத் தொடாதே, நம்பர் மாற்றினால் எல்லா இடத்திலும் மறக்காமல் மாற்றிக் கொடு. அம்மாவிடம் பேசும்போது இதையெல்லாம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று மட்டும் கேள், நன்றாகச் சொல்லித் தருவாள். நீ போகிற வழியெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும், நூறு வருஷம் நல்லபடியாக இரு.

உன் அன்பு அப்பா,
இளங்கோவன்