மசியாத பிரேக் டிரம்

கிளிஃபர்ட்,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். கறியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் இருக்கின்றன. கிரீஸ் கையோடு தொடாதே.

மூன்று நாளாக நம் பழைய மோரிஸ் காரின் பின்சக்கர பிரேக் டிரம்மோடு மல்லுக்கட்டுகிறாய். "கழண்டு வந்து தொலையேன் சனியனே" என்று நீ கத்தியது தேவாலயம் வரை கேட்டதாம்.

காலையில் காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் இழுத்தபடி இருந்தது. அது பிடித்திருந்தால் டிரம் எப்படிக் கழலும்? இறக்கிவிட்டு இரண்டு தட்டுத் தட்டினேன், மடியில் வந்து விழுந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன்.

உன்னையே திட்டிக்கொள்ளாதே, இழுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை சண்டை போட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தேனே, அப்போது. நம் மேட்டுத் தெருவில் காரில் உட்கார்ந்தாலே கை தானாக அதை இழுத்துவிடுகிறது.

மியூரியல்

பி.கு.: அன்று ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தது, நீ வந்து கூப்பிடுவாய் என்றுதான். டிரம்மைக் கூப்பிட்டதில் பாதியாவது கூப்பிட்டிருந்தால் அப்போதே இறங்கி வந்திருப்பேன்.