அப்பாவால் படி இறங்க ஏலும் என்று சொன்னேன்

என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் குளிர் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நோர்பரியில் மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் தகப்பன்மாரின் நினைவுக்குப் படம் போட்டு, கீழே கவிதையும் போடுகிறார்கள். எனக்குக் கவிதை வராது. பத்தாம் வகுப்புச் சோதினையை இரண்டு தரம் எழுதியும் தமிழில் மட்டும்தான், அதுவும் மட்டுமட்டாய்ப் பாஸ் என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு தரமும் றிசல்ட் பார்க்க என்னோடு வந்தவர் நீங்கள்தானே.

முதலில் செய்தி. அம்மாவைக் கெயார் ஹோமில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பதறாதீர்கள். பதினாலு நாளைக்குத்தான். உங்கள் மருமகள் சரோவுக்கு முதுகு இன்னும் சரிவரவில்லை. மாமியைக் கைபிடித்து எழுப்ப அவளால் முடியாது. எனக்கோ பெற்றோல் ஸ்ரேசனில் நத்தார்ப் பண்டிகைக்கால ஷிப்ட். அம்மாவின் நெஞ்சுச்சளிக்கு இந்தக் குளிரில் பகலெல்லாம் தனியே கிடக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். இரண்டு கிழமை சூடான அறை, நேரத்துக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் ஓடிவர ஆள். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். போன குளிருக்கு உங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

சரோவின் முதுகு ஒப்பரேசனுக்கு முன்பு, வயதானவர்களுக்கு உதவி தருகிற கவுன்சிலில் இருந்து ஒரு பெண் உங்களைப் பார்க்க வந்தாரே. உங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். நாங்களோ பொம்பிளை பார்க்க வருகிறார்கள் என்பதுபோல வீட்டைக் கழுவித் துடைத்தோம். குளிர் வராமல் முன்கதவின் கீழே அடைத்து வைக்கிற பழைய துவாயை நான்தான் எடுத்து ஒளித்தேன். மூத்திரப் போத்தலை அம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நீங்கள் என் கல்யாணக் கோட்டும் சூட்டுமாக, ஹோல் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தீர்கள். தானாக எழும்பாத உங்கள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துவிட்டது நான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"படி ஏறி இறங்க ஏலுமோ எண்டு கேக்கிறா, அப்பா."

"முழங்கால் கழண்டு போகுது தம்பி. அதை ஏன் உவவுக்குச் சொல்லுவான்? ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். தினமும் ஏறி இறங்குவார், அதுதான் அவருக்கு உடற்பயிற்சி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் அன்றைக்குத்தான் செலவழித்தேன்.

"தேத்தண்ணியும் நானே போடுவன் எண்டு சொல்லு."

குசினிக்குள் தண்ணீர் சுடவைக்கிற கேத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர்! அம்மா சிரிப்பை அடக்க உள்ளே ஓடினார். அந்தப் பெண் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார். இப்போதைக்கு உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. நான் வாழ்க்கையில் பாஸ் பண்ணிய ஒரே சோதினை என்று எல்லாரும் சிரித்தோம். வெளியூரில் படிக்கிற மகள் மட்டும் போனில் கேட்டாள்: "அப்பா, அவ உதவி செய்யத்தானே வந்தவ?"

மாசி தொடக்கத்தில் அந்தப் பனி கொட்டியது. பஸ் ஒன்றும் ஓடவில்லை. சரோ ஒஸ்பிற்றலில். நகரின் மறுபக்கம் செவன் கிங்ஸில் என் தங்கச்சி வீட்டுக்குப் போன அம்மா அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். நான் விடிய நடந்து வேலைக்குப் போனேன். இரண்டு மணிக்கு என்னை மாற்ற வரவேண்டியவன் வரவில்லை. உங்களுக்குப் போன் எடுத்தேன்.

"நீ வேலையைப் பார். நான் தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறன்," என்றீர்கள்.

அதை நான் நம்பினேன். ஏன் நம்பினேன், அப்பா? அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கிவிட்டேனா? கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்தப் பனியில் பெற்றோல் அடிக்க எவன் வந்தான்?

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது நீங்கள் படியடியில் கிடந்தீர்கள். காலையில் நான் கதவைத் திறக்க ஒதுங்கிய துவாய் ஒதுங்கினபடியே கிடந்தது. குனிந்து அதைச் சரியாக்க வீட்டில் ஆள் ஏது? உங்கள் கை விறைத்திருந்தது.

"வந்திட்டியோ? கேத்தில் எங்கை இருக்கெண்டு கேக்க மறந்து போனன்."

அதற்கும் சிரித்தேன். போனை வைத்த கையோடு படி இறங்கினதாக அம்புலன்சில் சொன்னீர்கள். அப்படியென்றால் நாலு மணித்தியாலம். ஒன்பதாம் நாள், சளி நெஞ்சை அடைத்துப் போய்விட்டீர்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு கதை சொன்னேன். குசினிக்குள் நின்றேன், விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன் என்று. அம்மாவுக்கும் அதே கதைதான்; நீங்களும் என்னைக் காட்டிக்கொடுக்காமலே போனீர்கள். "மகன் பக்கத்திலைதான் நிண்டவன்" என்று சொல்லிச் சொல்லியே அவர் ஆறுதல்பட்டார்.

போன மாதம் அதே பெண் அம்மாவைப் பார்க்க வந்தார். அம்மா நல்ல சேலை உடுத்து, ரோல்ஸும் பொரிப்பித்து வைத்திருந்தார். "என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு" என்று எனக்கு உத்தரவு. படியைப் பற்றிய கேள்வி வந்தது. அம்மா எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினார்.

நான் கதவடித் துவாயைக் காட்டினேன். இந்தத் தரம் அதை எடுக்கவில்லை. போன தரம் சொன்னதெல்லாம் பொய் என்றேன். படியடியில் நாலு மணித்தியாலம் என்றேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"என்னடா சொன்னனீ? ஏன் அவ அப்பிடிப் பாக்கிறா?"

இந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளன் நான்தானே. கூட்டாமல் குறைக்காமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். ரோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்குப் படி ஏலாது. ரெண்டு மாதமாய் ஒவ்வொரு படியிலையும் குந்தி இருந்துதான் இறங்கிறன். பாத்ரூமுக்குப் போகப் பயத்திலை பின்னேரத்துக்குப் பிறகு தண்ணி குடிக்கிறேல்லை. சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது, அப்பா. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

நேற்றுக் கொண்டுபோய் விட்டேன். அறை நல்ல சூடு. படி இல்லை. ஆளைக் கூப்பிடக் கட்டிலோடு ஒரு பொத்தான். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டார்: "அந்த மனிசனுக்கும் இப்பிடி ஒரு அறையைத்தானோ தரப் பாத்தவை?"

பொத்தானின் வயரை அவரின் தலையணைப் பக்கம் இழுத்து வைத்தேன்.

இன்றைக்குப் போன் எடுத்தேன். அம்மாவின் கையில் கொடுத்தார்கள். மூச்சுச் சத்தம் கேட்டது. பேசவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை. வேலைக்கு நேரமாகும்வரை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாலாம் நாள் இரண்டு மணிக்கு வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கட்டிலைக் கீழே ஹோலுக்குள் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவேன். அன்றைக்கு என்னை மாற்ற வருகிறவன் வராவிட்டால், கடையைப் பூட்டிவிட்டுப் போவேன். நம்புங்கள், அப்பா.

உங்கள் காலைத் தூக்கிக் காலின்மேல் வைத்துவிட்ட,
உங்கள் மூத்த மகன்