இடுப்பளவுத் தண்ணீர்

யூன் 28, சனி

வெயில். 29 பாகை. காலை இரத்தச் சீனி 8.9. நடை இல்லை.

சீனி எழுதத்தான் டொக்டர் இந்தக் கொப்பி தந்தவர். இலக்கம் மட்டும் போதும் என்றவர். எனக்கு வேறு கொப்பி இல்லை. மனைவி சுகந்தி இதைத் திறக்கமாட்டாள். இலக்கங்களைக் கண்டால் என்னோடு சண்டை வரும் என்று அவளுக்கே தெரியும்.

இரவுச் சாப்பாட்டில் மகள் ஆரணி (வயது பதினைந்து, வாய் நாற்பது): "சமர் லீவுக்கு என்ன செய்தனீ எண்டு பள்ளிக்கூடத்தில கேட்டா, ஒவ்வொரு வருசமும் கோயில், பார்ட்டி ஹோல், பாபிகியூ. தற்ஸ் இற். இவ்வளவு பெரிய லேக் பக்கத்தில கிடக்கு. நாங்கள் அதுக்கு முன்னால நிண்டு படம் மட்டும்தான் எடுத்திருக்கிறம்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே நான்தான் பொறுப்பு.

ஆரணியும் நானும் போட்ட பட்டியல்:

நிலம்
– ரூஜ் ஆற்றங்கரையில் நடப்பது. மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகலாம். பத்தொன்பது வருசமாகப் போகவில்லை.
– வாடகைச் சைக்கிள். வயிறு இடிக்கும்.

நீர்
– மீன்பிடி. லைசென்ஸ் வேணும். வெட்ட ஆள் வேணும்.
– கனூ, துடுப்புத் தோணி. இதற்கு ஆரணி இரண்டு கோடு கீறியிருக்கிறாள்.

"கனூதான் அப்பா. எனக்கு இப்ப நல்லா நீந்தத் தெரியும். நீங்கள் எப்பிடியும் நீந்துவீங்கள்தானே."

"ஓம்" என்றேன்.

எனக்கு நீந்தத் தெரியாது.

யூன் 29, ஞாயிறு

மழைக்குணம். சீனி 9.4. நேற்று நித்திரை குறைவு.

ஒருக்கால் முழுதாக எழுதிப் பார்க்கிறேன். வடக்கே ஒரு தீவில் பிறந்தது உண்மை. ஆறு வயதில் அப்பா எங்களைக் குருநாகலில் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சுற்றிவரத் தென்னந்தோட்டம், கடல் இல்லை. பிறகு கொழும்பு. பிறகு இங்கே, முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடி. எங்கே நீந்துகிறது?

கலியாணம் பேசப்போன வீட்டில் சுகந்தியின் தம்பி குகன் கேட்டான்: "அத்தான், தீவார் எண்டா கடல் ஆக்கள், என்ன?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் முதல் பொய். அதன்பிறகு ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் அதற்குக் கைகால் முளைத்தது. ஆரணிக்கு ஐந்து வயதில் நித்திரைக் கதையாகச் சொன்னது: இறங்குதுறையில் இருந்து பாய்ந்து, கடலடியில் கிடந்த ஐந்து ரூபா நாணயக் குத்தியை வாயால் கவ்விக்கொண்டு வந்தேனாம். இரண்டாம் வகுப்பில் அதைப் படமாகக் கீறினாள். நீலக் கடல், பல்லில் குத்தியோடு நான். இன்னும் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது நீந்தத் தெரியும்.

யூலை 12, சனி

முகில், காற்று. சீனி 7.6!

ரூஜ் நடை. ஆரணியோடு மட்டும். இரண்டரை மணித்தியாலம். நுளம்புக்கடி. எதிரே வந்த எல்லோரும் குட்மோர்ணிங் சொன்னார்கள். முதல் ஐந்து பேருக்கு நான் பதில் சொல்லவில்லை, வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். முட்செடியில் அவள் முழங்கையில் ஒரு சின்னக் கீறல். ஒரு கல்லில் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். "இது நல்லாயிருக்கு அப்பா" என்றாள், இரண்டு தரம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த சனி கனூ, புக் பண்ணிவிட்டாள்.

யூலை 19, சனி

நல்ல வெயில். சீனி பார்க்கவில்லை.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

வடக்கே ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம். சின்ன ஏரி. படகு வாடகைக்கு விடும் பெட்டை உயிர்காப்புச் சட்டையை எனக்கு இறுக்கிக் கட்டிவிட்டாள். நாணல் திருப்பம் தாண்டியதும் வயிறு நெரிகிறதென்று கீழ்ப்பட்டி இரண்டையும் கழற்றினேன். ஆரணி திரும்பிப் பார்த்தாள். "தீவானுக்கு உது தேவையோ?" என்றேன். அதையும் நானேதான் சொன்னேன்.

கரையோரம் ஒரு கொக்கு. படம் எடுக்க எழும்பினேன்.

கனூ கவிழ்ந்தது. சட்டை மேலே ஏறி முகத்தை மூடியது. வாய்க்குள் தண்ணீர். கையில் ஏதோ அகப்பட்டது. அதைப் பிடித்து அமத்தி மேலே ஏறினேன். அது அசைந்தது. இன்னும் அமத்தினேன். என்ன என்று எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று இங்கே எழுதலாம், ஆனால் தெரிந்தது.

எப்படியோ என் பிடியைக் கழற்றிக்கொண்டு ஆரணி வெளியே வந்தாள். இருமி இருமிக் கத்தினாள்: "அப்பா, நில்லுங்கோ! ஜஸ்ற் ஸ்ராண்ட் அப்!"

நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

அந்தப் பக்கமாக வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி, ஓகேயா என்று கேட்டது. "வீ ஆர் குட்" என்றாள் ஆரணி. அவள் கழுத்தில் இரத்தம். காரில் ஹூடி போட்டு மூடிக்கொண்டாள். ஊர் எல்லை வந்தபிறகுதான் பேசினாள்:

"நான்தான் கனூவைக் கவிட்டனான் எண்டு அம்மாட்டைச் சொல்லுவம்."

"ஏன்?"

"சும்மா."

ஓம் என்றேன். ஐம்பத்தொரு வயதில் அந்த ஓம்.

யூலை 20, ஞாயிறு

32 பாகை. சீனி 11.2.

ஊர்ச்சங்க ஒன்றுகூடல், வழக்கமான பார்க். கொத்துரொட்டி, ஆட்டுக்கறி, கயிறிழுப்பு. அந்த வெயிலுக்குள் ஆரணி ஹூடியோடு. யாரோ அன்ரி: "பிள்ளைக்குக் காய்ச்சலோ?"

குகன் மைக்கில்: "அடுத்த வருசம் கனூப் போட்டி! அத்தான் நேற்றுத்தான் போய்ப் பாத்திட்டு வந்தவர். தீவான் இருக்க எங்களுக்கு வேற கோச் எதுக்கு?" எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழும்பிக் கையைக் காட்டினேன். ஆரணி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி ஹூடியைக் கழற்றச் சொன்னாள்.

"என்னடி இது கழுத்தில?"

"முள்ளு. நடக்கப் போன அண்டைக்குக் கீறினது."

"முள்ளு நாலு விரலாக் கீறுமோ? ஆரடி அவன்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"அப்பாவை ஏமாத்திப்போட்டு ஆரைச் சந்திக்கப் போனனீ? போனைத் தா இங்க!"

நான் குளியலறைக்குள். பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் கேட்டது. ஆரணி என் பெயரைச் சொல்லவேயில்லை.

யூலை 21, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன். சீனி பார்க்கவில்லை.

போன் சுகந்தியின் அலமாரிக்குள். ஆரணி அறையை விட்டு வரவில்லை. அவள் கதவுக்கு முன்னால் இரண்டு தரம் போய் நின்று திரும்பினேன்.

சுகந்தி அழுதுகொண்டு என்னிடம்: "நீங்கள் செல்லம் குடுத்துத்தான் இப்பிடி." அதற்கும் தலையாட்டினேன். மனுசனா நான்.

யூலை 22, செவ்வாய்

மழை. சீனி 8.1.

சுகந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது சொன்னேன்.

"அது என்ர நகம்."

"என்ன?"

"கழுத்தில இருக்கிறது. என்ர நகம். எனக்கு நீந்தத் தெரியாது."

குருநாகலில் தொடங்கிக் கொக்கு வரைக்கும் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள்.

"பிள்ளையை அமத்திப்போட்டோ மேல வந்தனீங்கள்?"

"ஓம்."

"முந்தநாள் நான் அவளை ஏசேக்கை எங்க நிண்டனீங்கள்?"

அலமாரியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு ஆரணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நீண்டநேரம். அழுகை கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. வெங்காயத்தை நான் வெட்டி முடித்தேன்.

இரவு குகனுக்கு வற்சப்பில் நானே உண்மையை எழுதினேன். சிரிக்கும் முகம் பத்துப் பன்னிரண்டு அனுப்பினான். பிறகு: "எனக்கும் தெரியாது அத்தான்."

குளிர்பெட்டியில் இருந்த படத்தைக் கழற்றப் போனேன். சுகந்தி: "விடுங்கோ. பாத்துப் பாத்து வெக்கப்படுங்கோ."

யூலை 25, வெள்ளி

வெயில். சீனி 7.9.

பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு. முதலாம் படி. பதிவுப் படிவத்தில் "முன் அனுபவம்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். நாளை காலை ஒன்பது மணி. ஆரணி இன்னும் என்னோடு பேசவில்லை.

யூலை 26, சனி

சீனி 7.4. கொப்பி மேசையில் இருந்தது. அதன்மேல் நகவெட்டி. கீழே ஒரு கடதாசித் துண்டு, ஆரணியின் கையெழுத்து, எழுத்துப் பிழையோடு தமிழில்:

"போக முதல் வெட்டுங்கோ. ரீச்சர் பாவம்."