மழையில் பார்த்த வீடு

மிஸி,

இன்று காலை பக்கத்து வளவில் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். அந்தச் சூடான வாசனை யன்னலால் வந்ததும் உங்களோடு கதைக்கவேண்டும்போல் இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் இதற்குள் வேலிக்கு மேலால் எட்டி, "ஆர் மேசன்? முதல் எங்கை வேலை செய்தவராம்?" என்று விசாரித்திருப்பீர்கள்.

எங்கள் பிள்ளைகள் படுக்கும் அறையின் சுவர் வெடித்து, ஓட்டுக்கூரையும் ஒழுகத் தொடங்கிய வருடம் நினைவிருக்கிறதா? இவர் கப்பலில் வேலையாகப் போயிருந்தார். மாரியும் தொடங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கொந்தராத்துக்காரர் வந்து, சுவரையும் கூரையையும் முழுதாக இடித்துக் கட்டவேண்டும் என்றார். "ரீச்சர், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" என்று அவர் சொன்ன தோரணையில் நான் தலையாட்டவே போனேன். ஆஸ்பத்திரியில் தாதி வேலை முடிந்து வந்த நீங்கள் எங்கள் வாசல் படலையில் நின்று கேட்டீர்கள்: "நீங்கள் கட்டின வீடு ஒண்டைச் சொல்லுங்கோ. நாங்கள் போய்ப் பாக்கிறம்." அவர் பெரிய ஆட்களின் பெயரெல்லாம் சொன்னார். ஒரு வீடு இருக்கும் இடத்தைக்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்னைக் கிண்ணியாவுக்குக் கூட்டிப்போனீர்கள். உங்கள் வாட்டில் படுத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டைத் திருத்திய மேசன் அந்த ஊர்க்காரர். நல்ல மழை. "மழை விடட்டுமே மிஸி" என்றேன். "வெயிலிலை எல்லாக் கூரையும் நல்ல கூரைதான் ரீச்சர்" என்றபடி படகில் ஏறினீர்கள்.

அந்தப் பெண் சுவரில் பூசி மறைத்த ஒரு வெடிப்பைத் தானாகவே காட்டினாள். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. "போன வருஷம் வெடிச்சிச்சு. சொல்லி அனுப்பின அடுத்த நாளே வந்து பூசித் தந்திட்டுப் போனாரு" என்றாள். திரும்பும் வழியில் சொன்னீர்கள்: "பிழை விடாத மேசனைத் தேடினால் கிடைக்காது. கூப்பிட்டால் திரும்பி வாறவரைப் பிடியுங்கோ."

அந்த மேசன் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, கூரையில் ஏறி இறங்கி, "சுவர இடிக்கத் தேவயில்ல டீச்சர். மேல ரெண்டு மரம் உக்கிப்போய்க் கிடக்கு. அது இறங்கித்தான் சுவர் வெடிச்சிருக்கு" என்றார். மரங்களை மாற்றிப் பழைய ஓடுகளையே கழுவி அடுக்கினார். ஒரு கிழமையில் வேலை முடிந்தது. ஈடு வைக்க எடுத்து வைத்த என் காப்பு மறுபடியும் கைக்கு வந்தது.

நன்றி சொல்லப் பலகாரத்தோடு உங்களிடம் வந்தேன். அதுவரை விறாந்தையில் நின்று கதைத்துவிட்டுத் திரும்பிவிடும் நான், அன்றுதான் உங்கள் அறைக்குள் வந்தேன். கட்டிலை நடுவுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் வாளி வைத்திருந்தீர்கள். வாளிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மிஸி இது?"

"மச்சான் முறையான ஒராள் போட்ட கூரை. சொந்தமெண்டு ஒண்டும் கேளாமல் வேலையைக் குடுத்தனான். பிறகு வெளியிலை சொல்ல வெக்கம்." தலை குனிந்தபடி சொன்னீர்கள். "நீங்களும் அப்பிடி நிக்கக் கூடாதெண்டுதான் கூட வந்தனான்."

அடுத்த நாளே மேசனைக் கூட்டிவந்தேன். "இப்ப ஏலாது, பிறகு பாப்பம்" என்று நீங்கள் மறுத்துக்கொண்டிருக்கவே அவர் ஏணியைச் சாத்திவிட்டார்.

பிறகு ஒரு மார்கழி மாலை. ஊரே வெள்ளமாகும்படி கொட்டியது. குடையோடு ஓடிவந்தேன். கட்டில் சுவரோரம் இருந்தது. காலை நீட்டிப் படுத்திருந்த நீங்கள் ஒரு சின்னப்பிள்ளையைப்போலச் சிரித்தீர்கள்: "கேட்டீங்களோ ரீச்சர், வெளியிலை மட்டும்தான் பெய்யுது!"

நீங்கள் போன பிறகும் அந்தச் சிரிப்பு என்னிடம்தான் இருக்கிறது, மிஸி.