ரோதைக்கு விழுந்த வசவு

கர்த்தருக்குள் அன்பான மகள் பியூலாவுக்கும் மாப்பிள்ளை சிவராமுக்கும் வில்லாபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. டப்ளின் குளிரிலும் தேவன் உங்களைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன், இங்கே எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அப்பாவுக்கு வாயைத் தவிர எல்லாம் சுகம். போனில் எழுதினால் அவர் எடுத்துப் பார்த்துவிடுவார் என்றுதான் தபால்.

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வருவதை வெள்ளிக்கிழமை நம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்துக்கும் வராமல், அதற்குப் பின் உன்னோடு ஒரு வார்த்தையும் பேசாத மனுஷன், உன் அப்பா, வாராவாரம் முதல் ஆளாக 'மகள் வீடு திரும்ப வேண்டும்' என்று ஜெபக் குறிப்பு கொடுக்கிறார், பாஸ்டரும் அதற்காகச் சுண்டல் ஆறிப்போகிற அளவுக்கு மன்றாடிக்கொண்டிருந்தார். நடுவில் நான், அவள் வருகிறாள், டிக்கெட் போட்டாச்சு என்றேன். அப்பா கண்ணைக்கூடத் திறக்காமல், "ஒனக்கென்ன பைத்தியமா? அவளாவது வாரதாவது" என்றார். லில்லி அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்து, பெத்த மனசு அப்படித்தான் பேசச் சொல்லும் என்றாள். பிறகு எல்லோருமாக, நீ வர வேண்டும் என்று விட்ட இடத்திலிருந்து ஜெபித்தார்கள்.

சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். வேதத்தில் அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இதே கூத்துதான் நடந்திருக்கிறது, பேதுரு சிறையிலிருந்து வெளியே வர வேண்டும் என்று ஒரு வீட்டுக்குள்ளே ஜெபம், வெளியே வந்த பேதுரு அந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார், வேலைக்காரப் பெண் ரோதை ஓடிப்போய்ச் சொன்னால் ஜெபித்தவர்களே நம்பவில்லை. பிதற்றுகிறாய் என்று நம் வேதத்தில் மரியாதையாகப் போட்டிருக்கிறது. வெங்காயம் உரிக்கிற நேரத்தில் நான் போனில் கிரேக்க அகராதி பார்ப்பது உனக்குத் தெரியுமே, அதில் அந்தச் சொல்லுக்கு மூலம் மைனோமாய், புத்தி பேதலித்துவிட்டது என்று பச்சையாகவே அர்த்தம். வரவு செலவு எழுதுகிற புத்தி சும்மா விடுமா, வேறு யார் பேரில் அந்தச் சொல்லைப் பற்று எழுதியிருக்கிறது என்றும் தேடினேன். இயேசுவுக்கும் அதே வசவு, பவுலுக்கும் அதே வசவு. அம்புட்டு பெரிய கூட்டத்தில் என்னையும் சேர்த்ததற்கு அப்பாவுக்கு தேங்க்ஸ் சொன்னேன், அவர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் மறுநாள் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, உன் கல்யாணத்தன்று ஒயரைப் பிடுங்கிப் போட்ட காலிங் பெல்லைத் திரும்ப மாட்டினார். யாருக்காம் என்று கேட்டேன். "கரண்டு ரீடிங் எடுக்க வாரவன் தொண்டை கிழியக் கத்துறான்ல" என்றார். அவன் போன வாரம்தான் எடுத்துப் போனான், இனி இரண்டு மாசம் கழித்துத்தான் வருவான். மாட்டியவர் வெளியே போய் நின்று தானே அடித்து அடித்துப் பார்த்தார்.

மாப்பிள்ளையை வேஷ்டி கட்டிக்கொள்ளச் சொல்லி வதைக்காதே, அவருக்கு எது வசதியோ அது. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ரோதை சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிட்டாள். நானும் திறக்க மாட்டேன், அடுப்படியில் தாளிக்கிற மாதிரி நின்றுகொள்வேன். பேதுரு தட்டிக்கொண்டே நின்றார், நீயும் விடாமல் பெல்லை அடி. அப்பா வந்து திறக்கட்டும்.

உன் பைத்தியக்கார அம்மா,
ஞானசுந்தரி