இடது கையால் எழுதிய கேள்விகள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. கர்த்தர் உன்னையும் அத்தானையும் வேலைக்குப் போன இடத்தில் பத்திரமாக வைத்திருப்பாராக. இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

அங்கே உங்கள் சபையில் வாலிபர் கூட்டம் தொடங்கப் போவதாகவும், இங்கே நான் அதை நடத்தும் விதத்தை எழுதும்படியும் கேட்டிருந்தாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் பின்பெஞ்சு கொட்டாவி விடும். விளையாட்டை முதலில் வை, ஜெபத்தைக் கடைசியில் வை, பிஸ்கெட்டை அதற்கும் பிறகு வை. முன்னால் கொடுத்தால் பாதிப் பேர் ஜெபத்துக்கு இருக்க மாட்டார்கள். நாற்காலிகளை அவர்களே அடுக்கட்டும். வேலை கொடுத்தால்தான் அந்த ஹால் தங்களுடையது என்று நினைக்கிறார்கள்.

என் யோசனைகளில் நன்றாக ஓடியது கேள்விப் பெட்டிதான். வாயால் கேட்கக் கூச்சப்படுவதை, பெயர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடலாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவீர்களே என்றார்கள். அப்படியானால் எல்லோரும் இடது கையால் எழுதுங்கள், யார் எழுதியது என்று ஒருநாளும் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெரிய புத்திசாலி என்று எனக்கே ஒரு நினைப்பு.

போன மாதம் ஒரு துண்டு வந்தது. "நம்மள நல்லா புரிஞ்சுக்கிட்ட ஒருத்தர் சொல்றதை வீட்டுல மறைச்சா பாவமா?" ஏதோ காதல் சமாச்சாரம் என்று எண்ணி, மறைக்கச் சொல்கிறவரை நம்பாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம், "அவர் சபையில எல்லாரும் மதிக்கிற பெரியவரா இருந்தா?" இதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. அதற்கடுத்த வாரம், "பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேங்கறார். வரலைன்னா என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிடுவாராம்."

வீட்டுக்கு வந்து மூன்றையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளின் துண்டுகளில் எழுத்து கோணல்மாணலாக ஓடும். இவை மூன்றும் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. கூட்டத்துக்கு வரும் பதினெட்டுப் பேரில் இடக்கைக்காரி ஒருத்திதான். உன் மகள், அக்கா. என் வீட்டிலேயே வளர்கிற பிள்ளை, அந்த விதியைப் போட்டபோது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவள் வலது கையால் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் கண்டுபிடிக்கட்டும் என்றே விட்டாளோ என்னவோ.

மனதில் ஏதாவது இருக்கிறதா பாப்பா என்று கேட்டேன். ஒன்றுமில்லை சித்தி என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சாப்பாடு பாதியாகிவிட்டது.

கூட்டத்துக்கு உதவ வரும் ஆண்கள் நாலு பேர். கிடார் சொல்லிக்கொடுப்பவர், வேன் ஓட்டுபவர், மைக் பார்ப்பவர், போதகரின் தம்பி. நாலு பேரும் தங்கம் என்று போன மாதம்வரை நானே சொல்லியிருப்பேன். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, யாரும் வீட்டில் கொண்டுபோய் விடக் கூடாது, ஹால் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று புது விதி போட்டேன். நல்ல விதி என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். யார் முகமும் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போதகரிடம் எப்படிப் போவேன், சொல்.

மருந்துக் கடையில் மாலை வேலையை விட்டுவிட்டேன். பள்ளிக்கும் கூட்டத்துக்கும் நானே கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். பரீட்சை இருபத்திரண்டாம் தேதி முடிகிறது. போனில் இதைப் பேசிவிடாதே, நாம் பேசும்போது அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து நாளை அங்கே விமானம் ஏறும் உன் ஆஸ்பத்திரித் தோழி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுக் கூட்டம் முடிந்து பெட்டியைத் திறந்தேன். அவளுடைய துண்டு எட்டாக மடிந்து கிடந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார். "அம்மாகிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். அம்மா எப்ப வருவாங்க?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், அக்கா. ஒரு தேதியைக் கொடு.

உனக்காகக் கதவைத் திறந்துவைத்து ஜெபிக்கும்,
உன் தங்கை